வாசல் பக்கத்துச் சத்தம்

அப்பா இறந்து ஒரு மாதம் ஆகிறது. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். கண் தெரியாமலே பஸ் ஓட்டினாராமே என்று சிலர் மெதுவாகக் கேட்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நாலு குடும்பம் நன்றாக இருந்திருக்கும் என்று வேறு சிலர், அம்மா காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது சொல்கிறார்கள். முதல் பேச்சில் பாதி தவறு. இரண்டாவதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. நடந்ததை நடந்த வரிசையில் எழுத மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். டிப்போவில் அவருக்கு லென்ஸ் என்று பெயர். எதிரே வரும் பஸ்ஸின் எண்ணை மற்றவர்களுக்கு அது பஸ் என்று தெரிவதற்கு முன்பே சொல்லிவிடுவார். அந்தக் கண்ணைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. வேறு எதைப் பற்றியும் அவர் பெருமை பேசி நான் கேட்டதில்லை.

ஆண்டுக்கு ஒரு முறை டிப்போவில் எல்லா ஓட்டுநர்களுக்கும் கண் பரிசோதனை நடக்கும். உதிரிபாக அறையில்தான் நடக்கும். ஒரு பக்கம் டயர் அடுக்கு, ஒரு பக்கம் பழைய ரேடியேட்டர்கள். நடுவில் சுவரில் எழுத்து அட்டை. தரையில் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு. கல்லூரியில் படித்தபோது ஒரு நாள், அவர் மறந்துவிட்டுப் போன மதியச் சாப்பாட்டைக் கொடுக்கப் போனபோது அதைப் பார்த்தேன்.

"கோட்டு மேல இல்ல, கோட்டுக்குப் பின்னாடி நில்லுங்க" என்று நர்ஸம்மா ஒருவரை அதட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைசி வரியில இருக்கிறது எழுத்தா எறும்பா, நர்ஸம்மா?"

"எறும்புன்னா எத்தனை காலுன்னு சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

வரிசை சிரித்தது. அடுத்து அப்பா. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரியைக் கடகடவென்று படித்தார். மறு கண்ணை மூடிக்கொண்டு அதையே பின்னாலிருந்து முன்னாக ஒரு முறை படித்தார். பிறகு, "அட்டை அச்சடிச்ச கடை பேரு ஓரத்துல இருக்கு. அதையும் படிக்கட்டுமா?" என்றார்.

"போதும்ப்பா லென்ஸு. விட்டா அட்டைக்குப் பின்னாடி சுவத்துல என்ன இருக்குன்னும் சொல்லிடுவே" என்றார் பின்னால் நின்றவர்.

அதில் எந்தத் தில்லுமுல்லும் இல்லை. அட்டையை அவர் மனப்பாடம் செய்யவில்லை. அந்த எழுத்துகள் அவருக்கு உண்மையாகவே தெரிந்தன. கடைசி வரைக்கும் தெரிந்தன.

அவருடைய பஸ்ஸில் நடத்துனராக இருந்தவருக்குத் தகரம் என்று பெயர். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு தகரத் தடுப்பு இருக்கும். விசில் ஊதினால் பயணிகள் முறைக்கிறார்கள் என்று அவர் அந்தத் தகரத்தில் மோதிர விரலால் தட்டிச் சைகை கொடுப்பார். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு. இது எல்லா நடத்துனர்களும் செய்வதுதான். இவர்கள் இருவருக்கும் நடுவில் அதற்கு மேலும் வளர்ந்திருந்தது. பஸ்ஸின் வாசல் பக்கம், அதாவது இடது பக்கம், யாராவது நெருங்கி வந்தால் மெல்லிய அவசரத் தட்டுகள். வண்டி ஏதாவது ஓரத்தில் நீட்டிக்கொண்டு நின்றால் நகத்தால் ஒரு கீறல். சும்மா இருந்தால் வழி காலி. யாரும் உட்கார்ந்து பேசி இதை முடிவு செய்யவில்லை. ஒரே பஸ்ஸில் இத்தனை வருடம் இருந்தால் கணவன் மனைவிக்குக்கூட இப்படி ஏதாவது வந்துவிடும்.

"ரெண்டு பேரும் வண்டி ஓட்டறீங்களா, கச்சேரி பண்றீங்களா?" என்று அன்றாடம் வரும் பயணிகள் கேலி செய்வார்கள்.

"டிக்கெட் வாங்கினவங்களுக்குக் கச்சேரி இலவசம்" என்பார் தகரம்.

பிறகு பஸ்களில் டிக்கெட் மெஷின் வந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் பொருத்தினார்கள். ஏறுகிறவர்களே அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். நடத்துனர்கள் இனி வேண்டாம். தகரத்தை டிப்போ வாசலில் விசாரணைக் கூண்டில் உட்கார வைத்தார்கள். எந்த பஸ் எப்போது வரும் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை.

"உன் விரலுக்கு வேலை இல்லாமப் போச்சே" என்றாராம் அப்பா.

"கூண்டு முழுக்கக் கண்ணாடிப்பா. தட்டினா சம்பளத்துல பிடிச்சிடுவாங்க" என்றாராம் தகரம்.

அதற்குப் பிறகுதான் கீறல்கள் ஆரம்பித்தன. முதலில் வாசல் பக்கத்துக் கண்ணாடி ஒரு விளக்குக் கம்பத்தில் உரசியது. அடுத்து ஒரு நிறுத்தத்தின் இரும்புத் தடுப்பில் பஸ்ஸின் விலா கோடு வாங்கியது. அப்பாவின் பஸ்ஸில் அதுவரை சாயம் போன இடம் இருக்கலாம், கீறல் இருந்ததில்லை. வீட்டில் மேஜை ஓரத்தில் வைத்த தண்ணீர்க் குவளையை முழங்கையால் தள்ளிவிட்டார். அலமாரிக் கதவு திறந்திருப்பது தெரியாமல் போய் மோதிக்கொண்டார்.

"நினைப்பெல்லாம் எங்க வச்சிக்கிட்டு நடக்கறீங்க?" என்று அம்மா கேட்டிருக்கிறாள்.

எனக்கு போன் செய்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நான் அதை நம்பினேன்.

"பாப்பா, எனக்கு வாசல் பக்கத்துக் காது அடைச்சிக்கிச்சு போல. அந்தப் பக்கத்துல இருந்து ஒண்ணுமே வரமாட்டேங்குது."

எனக்கு அது சாதாரணமாகப் பட்டது. வாழ்நாளெல்லாம் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மனிதர். ஓட்டுநர்களுக்குக் காது கெடும் என்று எங்கள் தொழிற்சாலைப் பாதுகாப்பு வகுப்பில்கூடச் சொல்லியிருக்கிறார்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு போய் அவரைக் காது மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். காது கேட்கும் மெஷின் வாங்க வேண்டியிருக்கும், அதை அவர் மாட்டிக்கொள்ள மாட்டார், சண்டை வரும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

சத்தம் புகாத சிறிய அறையில் அவரை உட்கார வைத்து, காதில் ஒலிகளை அனுப்பி, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பரிசோதித்த பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு.

"ரெண்டு காதும் நல்லா இருக்கே, ஐயா. இந்த வயசுக்கு ரொம்பவே நல்லா இருக்கு" என்று சொல்லி, அவருடைய இடது பக்கமாக முடிவுத் தாளை நீட்டினாள்.

அப்பா அதை வாங்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு கணம் நிதானித்தாள். தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுப்பக்கம் கொண்டுவந்தாள். முகத்துக்கு நேராக வந்த பிறகுதான் அப்பா கையை நீட்டினார். அவள் பேனாவை எடுத்து அதையே இன்னொரு முறை செய்து பார்த்தாள்.

"கடைசியா கண் எப்போ காட்டினீங்க, ஐயா?"

"கண்ணா? டிப்போவுல வந்து கேட்டுப் பாரும்மா" என்று சிரித்தார் அப்பா.

"டிப்போவுல பக்கவாட்டுல பாத்தாங்களா?"

"பக்கவாட்டுல என்ன எழுத்தா இருக்கு, படிக்கிறதுக்கு?"

அவள் சிரிக்கவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்த கண் மருத்துவமனைக்கு உடனே போகச் சொன்னாள். இன்றைக்கே என்றாள்.

அங்கே பார்வைப் பரப்பை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. உள்பக்கம் வெள்ளையான பெரிய கிண்ணம் மாதிரி இருக்கும். தாடையை அதன் விளிம்பில் பதித்துக்கொண்டு நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். கிண்ணத்தில் அங்கங்கே சின்ன வெளிச்சங்கள் தோன்றி மறையும். தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அறையில் விளக்கை அணைத்தார்கள். நான் சுவர் ஓரமாக நின்றேன்.

பொத்தான் சத்தம் கேட்டது. நின்றது. வெகுநேரம் கேட்கவில்லை. மறுபடி இரண்டு முறை கேட்டது. மறுபடி நின்றது.

"பாப்பா, இது ரிப்பேர் போல இருக்கு. லைட்டே வரலை" என்றார் அப்பா, தாடையை எடுக்காமல்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கருவி தவறாக இருக்கும் என்பதுதான் என் தொழிலில் முதல் சந்தேகம். "கொஞ்சம் பல்பைப் பாருங்க. கடைசியா எப்போ சரிபார்த்தீங்க?" என்று அதை இயக்கியவரிடம் கேட்டேன். தொழிற்சாலையில் கேட்கும் அதே குரல்தான்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க கொஞ்சம் உக்காருங்க மேடம்" என்றார்.

உட்கார்ந்தேன். நடுப்புள்ளியைப் பார்த்தேன். வெளிச்சங்கள் வந்தன. மேலே, கீழே, இரண்டு ஓரங்களிலும் மாறி மாறி வந்தன. நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். போதும் என்று அவர் சொல்லும்வரை அழுத்தினேன். எழுந்தபோது அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தபடி, "என்ன, ரிப்பேர்தானே?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் டாக்டர் அழைத்துவிட்டார்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்திருக்கிறது. பல வருடமாக. வாசல் பக்கத்துக் கண்ணில் நடுவில் ஒரு துளை அளவுக்குத்தான் பார்வை மிச்சம். மற்றொரு கண்ணில் மூக்கை ஒட்டிய பாதி போய்விட்டது. இரண்டையும் சேர்த்தால் வாசல் பக்கம் என்று ஒன்றே அவருக்கு இல்லை. எழுத்து அட்டை அந்தத் துளைக்குள் அடங்கிவிடும். அதனால்தான் ஒவ்வொரு வருடமும் தேறினார்.

"இருட்டா ஒண்ணும் தெரியலையே, டாக்டர். ரோடு முழுசா தெரியுதே" என்றார் அப்பா.

"இருட்டா தெரிஞ்சா நீங்க அன்னைக்கே வந்திருப்பீங்க. தெரியாத இடத்துல மூளை தானா ரோட்டைப் போட்டு நிரப்பிக்கும். அந்த ரோட்டுல ஆள் இருக்க மாட்டாங்க."

சொட்டு மருந்து இருப்பதைக் காப்பாற்றும், போனது வராது என்றார் டாக்டர். இனி ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்து, அதை டிப்போவில் அவரே கொடுக்க வேண்டும் என்றார். அப்பா தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் சொச்சம்தான் இருந்தது. கடைசி நாளில் பஸ்ஸை டிப்போவுக்குள் கொண்டுவந்து நிறுத்தி, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். வெளியே வந்ததும் அதைத்தான் சொன்னார்.

"அந்த சீட்டை விட்டு நானா எறங்கணும், பாப்பா. என்னை எறக்கக் கூடாது."

"நாளைக்குக் குடுத்துடுங்கப்பா."

"குடுத்துடறேன்."

அன்று மாலையே தகரத்தைப் பார்க்கப் போனார். நானும் போனேன். கூண்டைப் பூட்டிக்கொண்டு அவர் வெளியே வந்ததும் மூன்று பேரும் எதிரே டீக்கடையில் நின்றோம்.

"ஏம்ப்பா, வாசல் பக்கம் நீ எப்போல இருந்து தட்ட ஆரம்பிச்சே?" என்று கேட்டார் அப்பா.

"நீதானே தட்டச் சொன்னே."

"நானா? எப்போ?"

தகரம் யோசித்தார். "மேம்பாலம் கட்டிக்கிட்டிருந்தாங்களே, அந்தச் சமயம். தட்டினா நீ நல்லா ஓட்டினே, தட்டலேன்னா திரும்பித் திரும்பிப் பாத்தே. சரி, இவனுக்குத் தட்டினாப் பிடிக்குதுன்னு விட்டுட்டேன்." டீயை ஒரு வாய் குடித்தார். "ஏன், என்ன இப்போ?"

அப்பா சொன்னார். தகரம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் கண்களையே பார்த்தார். பிறகு, "இவ்வளவு நாளா நான் உனக்குக் கண்ணா இருந்திருக்கேன். ஒரு நாளாவது டீக்கு நீ காசு குடுத்திருக்கியா?" என்றார். இருவரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. மறுநாள் காலை நான் ஊர் திரும்பினேன்.

அடுத்து நடந்ததைத் தகரம்தான் சொன்னார். அப்பா இறந்த அன்று, வாசற்கதவுக்கு வெளியே நின்றபடி சொன்னார்.

அப்பா தாளைக் கொடுக்கவில்லை. தகரத்துக்குக் கூண்டு வேலை மதியத்துக்கு மேல்தான். காலையில் அப்பாவின் பஸ்ஸில் பயணியாக ஏறி, தகரத் தடுப்பை ஒட்டிய முதல் இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். மதியத்துக்கு மேல் உள்ள சவாரிகளை அப்பா வேறொருவரிடம் மாற்றிக்கொண்டார். ஒரு வாரம் ஓடியது.

"டிக்கெட் எடுத்தியா?" என்று தினமும் கேட்பாராம் அப்பா.

"என்னைப் பாத்தா கேக்கறே?"

"எடுக்கலேன்னா இறங்கு. இது கம்பெனி வண்டி."

அந்த வாரம் அப்பா ஷேவ் செய்யும்போது விசிலடித்தார் என்று அம்மா சொல்கிறாள். கண் விஷயம் தெரியாததால், காது சரியாகிவிட்டது போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

எங்கள் தொழிலில் ஒரு எச்சரிக்கை மணி வடிவமைத்தால், கம்பி அறுந்தாலும் இயந்திரம் நிற்க வேண்டும். அதாவது சைகை வராவிட்டால் அதை ஆபத்தாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் இருவரும் சும்மா இருப்பதற்கு வழி காலி என்று பொருள் வைத்திருந்தார்கள். அப்பாவுக்குக் கண் இருந்தவரை அது பாதகமில்லை. கண் போன பிறகும் பாதகமில்லாமல் ஓடியதற்குக் காரணம், தகரம் தன் வேலையில் ஒரு நாளும் அசரவில்லை என்பதுதான்.

ஆனால் இப்போது அவர் பயணி. பயணிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சந்தைத் தெருவில் திரும்பும்போது பின் இருக்கையில் இருந்த ஒரு முதியவரின் பை சாய்ந்து வெங்காயம் உருண்டு ஓடியது. தகரம் குனிந்தார். வருடக்கணக்கில் பஸ்ஸுக்குள் யாருடைய சாமான் விழுந்தாலும் எடுத்துக் கொடுத்தவர். உடம்பு தானாகக் குனிந்துவிட்டது என்றார். "நாலு வெங்காயம்மா" என்று என்னிடம் விரலைக் காட்டினார்.

பஸ் நிறுத்தத்துக்காக ஓரம் ஒதுங்கியது. வாசல் பக்கத்தில், பஸ்ஸுக்கும் நடைபாதைக் கம்பிக்கும் நடுவில், சைக்கிளில் ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். அந்தத் தெருவில் தையற்கடை வைத்திருப்பவர். கம்பிக்கும் பஸ்ஸுக்கும் இடையில் அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது.

டிப்போவில் விசாரணை வைத்தார்கள். மேனேஜரும் பாதுகாப்பு அதிகாரியும் உட்கார்ந்தார்கள். விதிப்படி ஓட்டுநரின் கண்ணை மறுபடி பரிசோதித்தார்கள். அதே உதிரிபாக அறை, அதே அட்டை. அப்பா கடைசி வரியைப் படித்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை. பஸ் ஓரம் ஒதுங்கும்போது சைக்கிள்காரர் உள்பக்கமாகப் புகுந்துவிட்டார், தவறு அவருடையது என்று முடிவு செய்தார்கள்.

"தப்பிச்சே லென்ஸு" என்று வெளியே நின்றவர்கள் தோளில் தட்டினார்கள். தகரம் கூண்டுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை. விசாரணையில் தகரத்தின் பெயரை எங்கேயும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

அப்பா நேராக அந்தப் பெண் இருந்த மருத்துவமனைக்குப் போனார். இதை அப்பாவே என்னிடம் சொன்னார். அந்தம்மாவின் கை தோள் வரை கட்டுப்போட்டு, ஒரு கம்பியில் தொங்கவிடப்பட்டிருந்தது. கத்தரி பிடிக்கும் கை. பக்கத்தில் தங்கை உட்கார்ந்திருந்தார். தாம் யார் என்று அப்பா சொன்னதும் தங்கை எழுந்து, "எதுக்கு வந்தீங்க?" என்றார். அந்தம்மா தங்கையைக் கையமர்த்தினார்.

"என் மேலதான் தப்புன்னு எழுதிட்டாங்களாம். இப்பதான் போன்ல சொன்னாங்க" என்றார். "நான் ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் மணி அடிச்சேன். விடாம அடிச்சேன். உங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சும்மா" என்றார் அப்பா.

"கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு. ஆனா தட்டலை. தட்டலேன்னா ஆள் இல்லேன்னு அர்த்தம். மணி வேற எங்கேயோ அடிக்குதுன்னு நினைச்சுட்டேன்."

அந்தம்மாவுக்கு இது ஒன்றும் புரிந்திருக்காது. யார் தட்டுவது, ஏன் தட்ட வேண்டும். அப்பா விளக்கவும் இல்லை. அங்கிருந்து கிளம்பி டிப்போவுக்குத் திரும்பி, மேனேஜர் அறைக்குள் போய், மடித்த தாளை மேஜை மேல் விரித்து வைத்தார்.

மேனேஜர் படித்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"இது இன்னைக்கு வாங்கினதுதானே?"

"இல்ல சார். இடிக்கிறதுக்கு முன்னாடி வாங்கினது. தேதி இருக்கு பாருங்க."

"தேதியை நான் பாக்கலை. விசாரணை முடிஞ்சு போச்சு. நீங்க இன்னைக்கு உடம்பு முடியலேன்னு லீவு போடுங்க. அப்படியே ஓய்வுல போயிடலாம். மாலை மரியாதை எல்லாம் நானே ஏற்பாடு பண்றேன்."

"அந்தம்மா மேல தப்புன்னு எழுதியிருக்கே, சார்."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க?"

"மாத்தி எழுதணும்."

"மாத்தி எழுதினா உங்களை இன்னைக்கே எறக்கணும். தெரிஞ்சே ஓட்டினீங்கன்னு ஆகும். புரியுதா? அதோட விட மாட்டாங்க. எல்லாரையும் அந்தக் கண் மெஷின்ல உக்கார வைக்கச் சொல்லுவாங்க. எத்தனை பேர் எறங்குவாங்கன்னு எனக்கே தெரியாது."

"உக்கார வைங்க சார்" என்றார் அப்பா.

அன்றே இறக்கிவிட்டார்கள். அவர் ஓட்டும் பஸ் கிளம்பத் தயாராக நின்றுகொண்டிருந்தது. வேறொருவர் ஏறி எடுத்துக்கொண்டு போனார். முடிவை மாற்றி எழுதினார்கள். தவறு ஓட்டுநருடையது என்று அந்தம்மாவுக்குச் செய்தி போயிற்று. மேனேஜர் சொன்னதும் நடந்தது. எல்லா ஓட்டுநர்களையும் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சிலர் பொத்தானை அழுத்தாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். இறங்கியவர்களில் தகரத்தின் தம்பியும் ஒருவர். வயது நாற்பதுகூட ஆகவில்லை.

தம்பி வீட்டுக்கு வந்து வாசலில் நின்று கத்தினார். "எழுத்து தெரியுதில்ல? அப்புறம் என்னங்க வேணும் உங்களுக்கு? பெரிய நியாயவான். ஒரு வாரம் நீங்க ஓட்டலே?"

அப்பா வெளியே வந்து, "ஓட்டினேன்" என்றார். தம்பி திரும்பிப் போய்விட்டார். தகரம் அதன் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை. தம்பிக்கு வேலை போயிருக்கும்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவேன் என்று என்னிடம் கேட்டார். அப்பா அவரைத் தேடிப் போகவும் இல்லை.

பிறகு பெரும்பாலும் நான்கு சுவருக்குள் சில வருடங்கள். அம்மா சொட்டு மருந்து போடுவாள். கூடத்தில் சாமான்களை இடம் மாற்றாமல் வைத்திருந்தாள். நான் விடுமுறைக்கு வரும்போது அவருடைய தெரியாத பக்கத்தில் உட்கார மாட்டேன். ஒரு முறை மறந்து உட்கார்ந்துவிட்டேன். நான் அங்கே இருப்பது தெரியாமல் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"தெரியாம ஓட்டின வருஷத்தையெல்லாம் நான் நினைக்கிறதே இல்ல. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அந்த ஒரு வாரம்தான். பையில காகிதத்தை வச்சிக்கிட்டு ஓட்டினேன் பாரு."

"விடுங்க" என்றாள் அம்மா.

"ஸ்டியரிங் பிடிக்கும்போது சட்டைப் பையில அது மொடமொடன்னும். சத்தம் கேக்கும். அதையும் கேட்டுக்கிட்டேதான் ஓட்டினேன்."

நான் இருமவில்லை. எழுந்து போகவும் முடியவில்லை. அவரிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் தெரியவில்லை.

அவர் இறந்தது மாரடைப்பில். கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

போன வாரம் சந்தைத் தெருவுக்குப் போனேன். அப்பா மாதம் ஒரு முறையாவது அந்தம்மாவைப் பார்த்துவிட்டு வருவார் என்று அம்மா சொன்னாள். அவர் போய்விட்ட செய்தியைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கடை இருந்தது. மேஜையில் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தவர் தங்கை. அந்தம்மா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, வலது கையால் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு இடது கையால் நகர்த்திக்கொண்டிருந்தார். மூன்று விரல்கள் மடங்கவில்லை.

இன்னாருடைய பெண் என்றேன். செய்தியைச் சொன்னேன். மெஷினை நிறுத்தினார். தங்கை ஒரு ஸ்டூலைத் தள்ளினார். உட்கார்ந்தேன்.

"வருவார்" என்றார் அந்தம்மா. "அந்த வாசல்லயே நிப்பார், உள்ள வர மாட்டார். கை எப்படி இருக்குன்னு கேப்பார். அப்படியேதான் இருக்குன்னு சொல்லுவேன். போயிடுவார்."

"உங்க மேல தப்பில்லேன்னு எழுத வச்சதுக்காகத்தான் அவரை எறக்கினாங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவருக்காக ஏதாவது ஒன்று சொல்ல வேண்டியிருந்தது.

"தெரியும். நல்ல மனுஷர்தான். நான் இல்லேன்னு சொல்லலை." மடங்காத விரல்களை மற்றொரு கையால் நீவிக்கொண்டார். "ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் கேப்பேன், மணி கேட்டுச்சான்னு. ஒவ்வொரு தடவையும் கேட்டுச்சுன்னே சொன்னார். ஒரு தடவையாவது கேக்கலேன்னு சொல்லியிருந்தா, சரி, அவருக்குக் கேக்கலைன்னு நான் நிம்மதியா இருந்திருப்பேன்."

தங்கை கத்தரியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்பாவுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனதே நான்தான். அதை அங்கே சொல்லவில்லை. எழுந்தேன்.

"பாத்துப் போங்க" என்றார் அந்தம்மா. "இந்தத் தெருவுல வண்டிங்க ஒட்டிக்கிட்டு வரும்."